புகையிலைக் காரம்

புகையிலைக் காரம் என்பது புகையிலையை மெல்லும்போதும் புகைக்கும்போதும் வாயிலும் தொண்டையிலும் தோன்றும் உறைப்பைக் குறிக்கும் வழக்குச் சொல் ஆகும். மின்சிகரெட்டு பயன்படுத்துவோர் கூடுதலாக வேண்டும் என்று நாடும் தொண்டைப் பிடிப்பும் இதுவே. இவ்வுறைப்புக்கு முதன்மையான காரணம் நிக்கோட்டின் என்னும் சேர்மம்.

தமிழில் காரம் என்னும் சொல் உறைப்புச் சுவையையும், வேதியியலில் அமிலத்துக்கு எதிரான பொருளையும் குறிக்கிறது. புகையிலையில் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. நிக்கோட்டின் ஒரு காரம். அது அமிலத்தோடு சேராமல் தனித்து நிற்கும் அளவைப் பொறுத்தே உறைப்பு கூடுகிறது அல்லது குறைகிறது. காவிரிப் படுகையின் வெற்றிலை-புகையிலைப் பழக்கம், திருச்சிராப்பள்ளிச் சுருட்டு, அண்மைக் கால மின்சிகரெட்டு ஆகிய மூன்றிலும் செயற்படுவது இந்த ஒரே வேதியியல் விதியாகும். இதிலிருந்து பெறப்படும் முக்கியமான முடிவு, உறைப்பு குறைவாக இருப்பதால் நிக்கோட்டின் குறைவாக உள்ளது என்று பொருளாகாது என்பதாகும்.

வேதியியல்

நிக்கோட்டின் 1828 ஆம் ஆண்டில் செருமனியைச் சேர்ந்த போசெல்ட், ரைமான் ஆகிய இருவரால் புகையிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. புகையிலைச் செடி இதைத் தன் வேர்களில் உருவாக்கி இலைகளுக்கு அனுப்புகிறது. இலைகளைத் தின்னும் பூச்சிகளிடமிருந்து செடியைக் காப்பதே இதன் பணி. உழவர்கள் புகையிலைக் கசாயத்தைப் பூச்சிவிரட்டியாகத் தெளிப்பதும் இதனால்தான். நெற்பயிரைத் தாக்கும் புகையான் என்னும் தத்துப்பூச்சிக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டுவந்த இமிடாகுளோபிரிடு என்ற பூச்சிக்கொல்லியும், நிக்கோட்டின் தாக்கும் அதே நரம்பு ஏற்பிகளையே தாக்குகிறது.

நிக்கோட்டின் இரு நிலைகளில் காணப்படும். அமிலச் சூழலில் அது அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிறது. காரச் சூழலில் தனி நிக்கோட்டினாக நிற்கிறது. பிஎச் மதிப்பு 6 ஆக இருக்கும்போது ஏறத்தாழ 1 விழுக்காடும், 7 ஆக இருக்கும்போது 9 விழுக்காடும், 8 ஆக இருக்கும்போது பாதியும், 9 ஆக இருக்கும்போது 90 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் தனி நிக்கோட்டினாக இருக்கும். தனி நிக்கோட்டின் உயிரணுச் சவ்வுகளை எளிதில் ஊடுருவுகிறது. உப்பு வடிவிலுள்ள நிக்கோட்டின் அவ்வாறு எளிதில் ஊடுருவுவதில்லை.

உறைப்பு உணரப்படும் முறை

வாய், தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்சவ்வில் எரிச்சலை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. மிளகாயின் காரத்தை உணர்த்துபவையும் இத்தகைய நரம்பு முனைகளே. எனினும் மிளகாயிலுள்ள காப்சைசின் தூண்டும் ஏற்பியும் நிக்கோட்டின் தூண்டும் ஏற்பிகளும் வெவ்வேறானவை. தனி நிக்கோட்டின் நரம்பு முனைகளைத் தொட்டவுடன் தொண்டை கமறுகிறது. பழக்கமில்லாதவர்க்கு இருமல் வருகிறது. இது உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் எச்சரிக்கையாகும். பழகியவர்கள் அதே உணர்வை நிக்கோட்டின் வந்து சேர்ந்ததற்கான அடையாளமாகக் கொண்டு, அதையே விரும்பத் தொடங்குகின்றனர். மெந்தால் குளிர்ச்சியுணர்வைத் தூண்டி இவ்வெரிச்சலை மறைக்கவல்லது.

காவிரிப் படுகையில்

வெற்றிலையும் சுண்ணாம்பும்

தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் காவிரியின் கிளையாறுகளை ஒட்டிய கொடிக்கால்களில் வெற்றிலை பயிரிடப்படுகிறது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, சீவலுடன் மென்று, பின்னர் சிறிது புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது இப்பகுதியில் நெடுங்காலமாக உள்ள பழக்கம். வெற்றிலைச் செல்லத்தில் சுண்ணாம்புக்குத் தனிச் சிமிழ் இருப்பது வழக்கம்.

சுண்ணாம்பு வலிமையான காரம். அது வாயின் பிஎச் மதிப்பை உயர்த்திப் புகையிலையிலுள்ள நிக்கோட்டினைத் தனி வடிவுக்கு மாற்றுகிறது. இதனால் உறைப்பு மிகுவதோடு, நிக்கோட்டின் கன்னத்தின் உட்சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. சுண்ணாம்பு சேர்த்தால் புகையிலை நன்றாகப் "பிடிக்கும்" என்று மெல்லுவோர் கூறுவதன் வேதியியல் விளக்கம் இதுவே.

வேதாரணியப் புகையிலை

படுகையின் தென்கிழக்கு மூலையிலுள்ள வேதாரணியம், 1991 ஆம் ஆண்டில் நாகப்பட்டினம் மாவட்டம் உருவாகும் வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆற்றுவண்டல் நிலத்தில் நெல் விளையும் இப்படுகையின் கடலோர மணற்பாங்கான நிலத்தில் புகையிலை பயிரிடப்பட்டு வந்துள்ளது. இது மெல்லும் வகையைச் சேர்ந்தது. குளோரைடு மிகுந்த நீரில் வளரும் புகையிலை சீராக எரியாது; எனவே அது சிகரெட்டுக்கு ஏற்றதன்று. மெல்லும் புகையிலைக்கு இக்குறை பொருட்டன்று.

புகையிலைச் செடி பூக்கத் தொடங்கும்போது அதன் நுனி கிள்ளப்படுகிறது. பக்கக் கிளைகளும் நீக்கப்படுகின்றன. இதனால் இலை தடிப்பதோடு அதிலுள்ள நிக்கோட்டினும் கூடுகிறது. ஈரமான பச்சை இலைகளைக் கையாளுவோருக்கு நிக்கோட்டின் தோல் வழியே உட்சென்று குமட்டல், வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றை உண்டாக்கலாம். இது பச்சைப் புகையிலை நோய் எனப்படுகிறது.

திருச்சிராப்பள்ளிச் சுருட்டு

படுகையின் தலைப்பகுதியில் உள்ள திருச்சிராப்பள்ளியும் அதன் பகுதியான உறையூரும் சுருட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. இதற்கான புகையிலை திண்டுக்கல் பகுதியிலிருந்து வந்தது. 19 ஆம் நூற்றாண்டில் இச்சுருட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1887 ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் செர்லாக் ஓம்சு புதினத்தில், குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் சாம்பல் திருச்சிராப்பள்ளிச் சுருட்டினுடையது என்று துப்பறிவாளர் கண்டறிகிறார். இருமுனையும் திறந்த சுருட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லான சுருட்டு என்பதிலிருந்து பிறந்ததே.

காற்றில் உலர்த்திப் புளிக்கவைத்துப் பதப்படுத்தப்படும் சுருட்டுப் புகையிலையில் சர்க்கரை மிகக் குறைவு; ஆகவே அதன் புகை காரத்தன்மை உடையதாகிறது. இப்புகையை நெஞ்சுக்குள் இழுப்பது கடினம். ஆகையால் சுருட்டுப் புகைப்போரில் பெரும்பாலோர் புகையை வாயிலேயே நிறுத்தி வெளிவிடுகின்றனர். நிக்கோட்டின் வாயின் உட்சவ்வு வழியே உடலில் சேர்கிறது.

சிகரெட்டு

சிகரெட்டுக்குரிய புகையிலை பெரும்பாலும் சூளைகளில் சூடான காற்றைக் கொண்டு விரைவாக உலர்த்தப்படுகிறது. இம்முறையில் இலையின் சர்க்கரை அழியாமல் நிற்பதால் புகை அமிலத்தன்மை பெறுகிறது. தனி நிக்கோட்டின் குறைவதால் தொண்டை எரிச்சலும் குறைகிறது. எனவே புகையை நுரையீரல் வரை இழுக்க முடிகிறது. நுரையீரலின் பரந்த பரப்பில் நிக்கோட்டின் சில நொடிகளில் இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. மென்மையான புகையே ஆழமாக உட்செல்கிறது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

மின்சிகரெட்டு

மின்சிகரெட்டை இன்றைய வடிவில் 2003 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் சீன மருந்தாளுநர் ஓன் லிக். இதில் ஒரு மின்கலம், சூடேறும் கம்பிச்சுருள், நீர்மத்தை உறிஞ்சும் திரி ஆகியவை உள்ளன. நீர்மத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நறுமணப் பொருட்கள் ஆகியவையும், பெரும்பாலும் நிக்கோட்டினும் இருக்கும். இதில் வெளிப்படுவது ஆவி என்று அழைக்கப்பட்டாலும், உண்மையில் அது ஆவியாகிப் பின் குளிர்ந்து திரண்ட நுண்துளிகளின் படலமாகும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் வயல்களின் மேல் நிற்கும் மூடுபனியும் இவ்வாறு திரண்ட நுண்துளிகளே.

ஆவியின் அளவு

ஆவியின் அளவு கம்பிச்சுருளின் திறனையும் நீர்மத்தின் சேர்மானத்தையும் காற்றோட்டத்தையும் பொறுத்தது. மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். 3.7 வோல்ட் மின்கலத்துடன் 2 ஓம் சுருளை இணைத்தால் திறன் 6.8 வாட், 0.5 ஓம் சுருளை இணைத்தால் 27.4 வாட். திறன் கூடினால் ஒரே இழுப்பில் மிகுந்த நீர்மம் ஆவியாகிறது. எனவே உட்செல்லும் நிக்கோட்டினும் கூடுகிறது.

கிளிசரின் மிகுந்த நீர்மம் அடர்ந்த படலத்தைத் தரும்; ஆனால் தொண்டைக்கு மென்மையாக இருக்கும். புரோப்பிலீன் கிளைக்கால் மிகுந்தால் படலம் மெலிந்து தொண்டைப் பிடிப்பு கூடும். ஆகவே நீர்மத்தின் சேர்மானத்தை மட்டும் மாற்றி இரண்டையும் ஒருசேர மிகுவிக்க இயலாது. கண்ணுக்குத் தெரியும் படலத்தின் அடர்த்தியைக் கொண்டு நிக்கோட்டினின் அளவை மதிப்பிடவும் இயலாது.

வெப்பம் அளவுக்கு மீறினாலோ திரி உலர்ந்தாலோ கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து அக்ரோலீன், பார்மால்டிகைடு போன்றவை உண்டாகின்றன. எண்ணெய் தீயும்போது அடுக்களையில் எழும் நெடிக்கு அக்ரோலீன் ஒரு காரணம். இந்நச்சும் தொண்டையைக் கமறச் செய்வதால், அதைப் பயனர் நிக்கோட்டினின் பிடிப்பு என்றே தவறாகக் கருதக்கூடும்.

நிக்கோட்டின் உப்பு

தொடக்க கால மின்சிகரெட்டுகளில் தனி நிக்கோட்டின் பயன்பட்டது. அதன் அளவைக் கூட்டினால் தொண்டை தாங்காது என்பதால் உறைப்பே ஒரு வரம்பாக இருந்தது. 2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான சூல் என்னும் வணிகப்பெயர் கொண்ட கருவி இவ்வரம்பை நீக்கியது. அதில் பென்சாயிக் அமிலத்துடன் சேர்ந்த நிக்கோட்டின் உப்பு பயன்பட்டது. அமிலம் உறைப்பைத் தணித்ததால் 5 விழுக்காடு நிக்கோட்டின் கொண்ட நீர்மத்தையும் பழக்கமில்லாதவர் எளிதாக இழுக்க முடிந்தது. அந்நாட்டின் பள்ளி மாணவரிடையே மின்சிகரெட்டு பரவியதற்கு இம்மென்மையும் ஒரு காரணம். வெற்றிலையில் சுண்ணாம்பு செய்வதற்கு நேர்மாறான வேலையை இங்கு அமிலம் செய்கிறது. எனினும் இரண்டின் விளைவும் ஒன்றே: நிக்கோட்டின் மிகுதியாக உடலில் சேர்கிறது.

உடல்நலம்

நிக்கோட்டின் பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்கும் பொருள். வளரிளம் பருவத்தினரின் மூளை இதற்கு எளிதில் ஆட்படுகிறது. புகையிலை சேர்த்த வெற்றிலைக் கலவையையும், புகையிலை சேராத வெற்றிலை-பாக்குக் கலவையையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை எனத் தன் முதற்பிரிவில் சேர்த்துள்ளது. சுருட்டுப் புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு.

மின்சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை என்பதால் தார் உண்டாவதில்லை. ஆயினும் அது தீங்கற்றதன்று. அமெரிக்காவில் 2019 ஆம் ஆண்டில் மின்சிகரெட்டு தொடர்பான நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் இதனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். உறுதிசெய்யப்பட்ட இறப்புகள் 68. கஞ்சாச் சாறு கலந்த நீர்மங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்டு இதற்கு முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. நிக்கோட்டின் நீர்மத்தைக் குழந்தைகள் தவறுதலாகக் குடித்தால் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

சட்டம்

2003 ஆம் ஆண்டின் இந்தியப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 18 அகவைக்குட்பட்டோருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கசத் தொலைவுக்குள்ளும் புகையிலைப் பொருட்களை விற்பதைத் தடை செய்கிறது. தமிழ்நாடு அரசு 2018 ஆம் ஆண்டில் மின்சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று இந்திய அரசு பிறப்பித்த அவசரச் சட்டமும், அதே ஆண்டு திசம்பரில் அதற்கு மாற்றாக வந்த சட்டமும் இத்தடையை நாடு முழுவதற்கும் விரிவாக்கின. இதன்படி மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதன்முறை ஓராண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. சேமித்து வைத்தலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வேதாரணியப் புகையிலை போன்ற மெல்லும் புகையிலையும் சுருட்டும் இத்தடைக்குள் வருவதில்லை. அவற்றின் உறைகளில் எச்சரிக்கைப் படம் இடம்பெற வேண்டும். பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். இவ்வெண் புகையிலைப் பொருட்களின் உறைகளிலும் அச்சிடப்படுகிறது.