கறையானின் தடமும் எச்சிலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கறையான் ஏறாத வளவைக் காண்பது அரிது. கிடுகு வேலியின் அடியோலையில் மண் படர்ந்தால், விளக்குமாற்றால் தட்டிவிட்டுக் கொஞ்சம் மண்ணெண்ணெயோ கழிவு ஒயிலோ ஊற்றுவார்கள். சில நாளில் பக்கத்து ஓலையில் மறுபடி மண் ஏறியிருக்கும். அப்போதெல்லாம் திட்டு வாங்குவது கறையானின் வாய்தான். ஆனால் ஒரு வேலைக்காரக் கறையான் ஒரு தடவையில் கிள்ளுவது மிகச் சிறிய துணுக்கு. மரம் குடையும் வண்டின் புழுவுக்கு அதைவிடப் பருத்த தாடை உண்டு. கண் தெரியாத ஆயிரக்கணக்கான பூச்சிகள் இருட்டில் ஒரே ஓலைக்கு வந்து சேர்வதால்தான் வேலி போகிறது. அவற்றை அப்படிக் கூட்டிவருபவை சுரப்பிகள். கறையானோடு மல்லுக்கட்டுவோர் முதலில் அறிய வேண்டியது இவற்றைத்தான் என்பேன்.

கறையானை மல்லாத்தினால் வயிற்றின் அடிப்பக்கம் தகடு தகடாகத் தெரியும். பெரும்பாலான இனங்களில் ஐந்தாவது தகட்டின் முன்விளிம்பில் தோலே தடித்துச் சுரப்பியாகியிருக்கிறது. இரை கண்ட கறையான் வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு கூடு திரும்பும். அழுத்திய இடமெல்லாம் மணம் ஒட்டும், பின்னால் வருவது அதை உணர்கொம்பால் பிடித்து நடக்கும். புற்றெழுப்பிக் காளான் வளர்க்கும் ஒடொன்டோடேர்மெஸ் போன்ற இனங்களில் இந்த மணம் பன்னிரண்டு காபன் கொண்ட அற்ககோல். இதன் வலிமையைக் காட்ட ஆய்வுகூடம்கூட வேண்டாம். சில குமிழ்முனைப் பேனாக்களின் மையில் உள்ள 2-பீனொக்சியெதனோல் என்ற கரைப்பானை இம்மணம் என்றே பல இனங்கள் எடுத்துக்கொள்கின்றன. தாளில் வட்டம் கீறி விட்டால், கோட்டை விடாமல் சுற்றிச் சுற்றி வரும். அங்கே தின்னவும் ஒன்றுமில்லை, ஒதுங்கவும் இடமில்லை.

தடம் போட்டால் போதாது, அந்தத் தடத்தில் உயிரோடு நடக்கவும் வேண்டும். கறையானின் தோல் மெல்லியது. சித்திரை வெயிலில் சற்று நேரம் வெளியே நின்றால் வற்றிச் செத்துவிடும். இங்கேதான் எச்சிற்சுரப்பி வருகிறது. மார்புக்குள் இருபக்கமும் திராட்சைக் குலைபோல் திரண்டு, நீர்ப்பைகளோடு சேர்ந்து, கீழுதட்டின் அடியில் அது திறக்கிறது. செம்மண் துகள் ஒவ்வொன்றையும் எச்சிலில் நனைத்து ஒட்டித்தான் நாம் தட்டிவிடும் அந்தக் கூரைவழி எழுகிறது. காவலுக்கும் அதே சுரப்பிதான்: ஒடொன்டோடேர்மெஸ் சிப்பாய் கடிக்கும்போது வாயில் கசியும் கபிலநிறத் துளி எச்சிலே. வேறு இனங்களில் அந்தப் பொறுப்பு நெற்றிச் சுரப்பியிடம் இருக்கிறது. பூச்சியுலகில் கறையானுக்கு மட்டுமே உரிய உறுப்பு இது. கொப்டோடேர்மெஸ் சிப்பாயின் நெற்றித் துளையால் பால்போன்ற பசை வழியும். தரங்கம்பாடி மருத்துவர் கூனிக் 1779 இல் விவரித்த இலங்கைக் கருங்கறையானின் சிப்பாய்க்குத் தாடை தேய்ந்து, தலையே பசை பீச்சும் கொம்பாகிவிட்டது.

ஓலையைச் செரிப்பது குடல் நுண்ணுயிரும் புற்றுக் காளானும்தானே, சுரப்பிக்கு ஏன் இத்தனை பெருமை என்று கேட்கலாம். கேள்வி பாதி நியாயமானது. ஒரு யப்பானிய இனத்தின் எச்சிற்சுரப்பி தன் சொந்த மரபணுவைக் கொண்டே செலுலோசை உடைக்கும் நொதியைச் செய்வது 1998 இல் தெரியவந்தது. நம் புற்றுக் கறையான் வகையில் அந்த வேலையில் நடுக்குடலுக்கும் பங்குண்டு. காளானின் பங்கும் பெரிது. பேராதனையில் காளான் ஆய்வாளர் பெட்ச் 1906 இலேயே அதை விரிவாக எழுதினார். ஆனால் காளானுக்கு ஓலை நடந்து வருவதில்லை. வேலியிலிருந்து புற்றுவரை அதைச் சுமந்து வரும் வழி முழுவதும் சுரப்பிகள் போட்டது.

அப்படியானால் அந்த மணத்தையே பூசிக் கறையானைப் பொறியில் விழுத்தலாமே? சொல்வது எளிது. சில இனங்களில் சிறிதளவில் தடமாக இருக்கும் அதே பொருள், அளவு கூடினால் ஈசல்களின் துணை தேடும் அழைப்பாகிவிடுகிறது. எச்சிற்சுரப்பியின் ஐதரோகுயினோன் கூடித் தின்னத் தூண்டும் பொதுச் சமிக்ஞை என்று 2002 இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு வேறோர் இனத்தில் அது எடுபடவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றுவோர் அழிப்பது ஊற்றிய இடத்துத் தடத்தை மட்டும். நிலத்துக்கடியில் இருப்பவை வேறு தடம் போடும். ஆகவே, மெதுவாகக் கொல்லும் மருந்தைத் தீனியில் வைத்து, தடத்தைக் கறையானையே போடவிடுவது கூடுதல் புத்தியான முறை. ஆனால் காளான் வளர்க்கும் இனங்கள் இந்தத் தீனிக்கும் அவ்வளவு இலகுவில் மசிவதில்லை.