உங்களுக்குத் தெரியுமா? சேர்வராயன் மலையும் கஞ்சாத் தடையும்

மதுவிலக்கு என்றதும் கள்ளும் சாராயமும்தான் நினைவுக்கு வரும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக அமல்படுத்திய சென்னை மதுவிலக்குச் சட்டத்தில் கஞ்சாவும், கஞ்சா இலையிலிருந்து செய்யப்படும் பாங்கும்கூட அடக்கம். சேர்வராயன் மலையும் ஏற்காடும் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

இந்தத் தடைக்கு முன்பு உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்கப்பட்டது. அரசுக்கு வரியும் வந்தது. கஞ்சா பைத்தியம் பிடிக்க வைக்கிறது என்ற புகார் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனதால், 1893-ல் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. மனநல விடுதிகளின் பதிவேடுகளையும் புரட்டியது. நோயின் காரணம் தெரியாதபோதும் பலரின் பெயருக்கு எதிரே 'கஞ்சா' என்று எழுதிவைத்திருந்தது அம்பலமானது. அளவான பயன்பாட்டால் பெரிய கேடில்லை, முழுத்தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றது குழு. அவ்வளவு நேர்மையான விசாரணை அந்தக் காலத்தில் அபூர்வம்.

நாடு முழுவதற்குமான கடும் தடைக்கு வித்திட்டது 1961-ம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை. பூவும் காயும் சேராத வெறும் இலை அதன் வரையறைக்குள் வரவில்லை. 1985-ல் இந்தியா இயற்றிய போதைப்பொருள் சட்டமும் அதே வரையறையைப் பின்பற்றியது. வடமாநிலங்களில் அரசு உரிமத்தோடு பாங்குக் கடைகள் இன்றும் இயங்குவது இதனால்தான். ஆனால் அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல். மலையானாலும் சமவெளியானாலும் சட்டம் ஒன்றே.