சொல்லாது விளங்கிய காதல்

நூலைக் கற்றார்க்குக் காட்சி எற்றுக்கு என்று இறுமாந்திருந்தேன் யான். ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலை 1995இல் பி.பி.சி. ஆறு பகுதிகளாக அளித்த தொலைக்காட்சித் தொடர் அவ்விறுமாப்பைத் தகர்த்தது.

பெம்பர்லி மாளிகையில் டார்சியின் தங்கை பியானோ வாசிக்கின்றாள். முன்னர் அவளை வஞ்சித்துக் கவர முயன்றவன் விக்கம். அவன் பெயரை ஒருத்தி எடுத்த அளவில் விரல்கள் தடுமாறுகின்றன. எலிசபெத் விரைந்து அருகணைந்து, இசைத்தாள் புரட்டுவாள்போல நின்று காக்கின்றாள். பின்னர் டார்சியை நோக்குகின்றாள், அவனும் நோக்குகின்றான். ஒரு சொல்லில்லை.

நாவலில் அவ்விடத்து இசையில்லை.  ஆயினும் நூலின் உள்ளம் இதுவே: காதலை முதிர்வித்தது அழகன்று, பிறர் துயர் துடைக்கும் பண்பே. ஆண்டுதோறும் மெய்ப்பாட்டியல் கற்பிக்கும் யான், மெய்ப்பாட்டைக் கண்ணாரக் கண்டது அன்றுதான்.