சூனியக்காரி எங்கே போனாள்?

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க நல்ல மாயாஜாலப் படம் எது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்கும்போதே "பயமுறுத்துற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனையும் போட்டுவிடுகிறார்கள். போன வருடம் வரை நானும் அந்தக் கட்சிதான். இப்போது இல்லை. ஏன் என்று இரண்டு படங்களை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலாவது, 1939இல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்'. சூறாவளி வீட்டோடு தூக்கிக்கொண்டு போய்ப் போடும் டோரதி என்ற சிறுமி, சோளக்கொல்லைப் பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம் ஆகியோரோடு சேர்ந்து ஊர் திரும்ப வழி தேடும் கதை. டோரதியின் ஊரான கான்சாஸ் பழுப்பு நிறத்தில் வரும். ஓஸில் அவள் கதவைத் திறந்ததும் திரை முழுக்க வண்ணம். என் ஆறு வயது மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பச்சை முகச் சூனியக்காரி வந்ததும் என் மடிக்கு வந்துவிட்டாள்.

பறக்கும் குரங்குகள் டோரதியைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்தில் நான் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிட்டேன். கோட்டைக் காட்சிகள் மொத்தமும் போச்சு. நேராக டோரதி ஊர் திரும்பும் இடத்துக்கு வந்து, "பாத்தியா, வீட்டுக்கு வந்துட்டா!" என்று முடித்துவிட்டேன். நல்ல அம்மா என்று எனக்கே ஒரு திருப்தி.

அன்று நடுராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "அம்மா, அந்தச் சூனியக்காரி எங்க போனா?"

அப்போதுதான் உறைத்தது. நான் ஓட்டிவிட்ட பகுதியில்தான் சூனியக்காரி சாகிறாள். பொம்மையின் கையில் பற்றிய தீயை அணைக்க டோரதி வாளித் தண்ணீரை வீச, அது மேலே பட்டுச் சூனியக்காரி கரைந்துபோகிறாள். பயத்தை வெட்டுகிறேன் என்று அந்தப் பயம் தீர்கிற இடத்தையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன். என் மகள் கணக்கில் சூனியக்காரி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், அநேகமாக எங்கள் பீரோவுக்குப் பின்னால்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் பார்த்தோம். என் கையை விடவே இல்லை. சூனியக்காரி கரைந்ததும் "இன்னொரு தடவ!" என்றாள். நான்கு தடவை பார்த்தோம். அன்றிலிருந்து கொஞ்ச நாள் அவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. நன்றாகத் தூங்கினாள்.

இதில் ஒரு வேடிக்கை. மூலக்கதையை 1900இல் எழுதிய எல். ஃபிராங்க் பாம், பழைய தேவதைக் கதைகளின் மனவேதனையையும் கெட்ட கனவுகளையும் தவிர்த்து எழுதிய கதை இது என்று முன்னுரையில் சொல்கிறார். ஆனால் சூனியக்காரி இல்லாமல் அவராலும் கதை சொல்ல முடியவில்லை. படத்தில் அந்த வேடத்தில் வந்த மார்கரெட் ஹாமில்டன், நடிக்க வருமுன் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1975இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிஸ்டர் ரோஜர்ஸ் நிகழ்ச்சிக்கு வந்து, அந்தக் கறுப்பு உடையை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, இது வேஷம்தான் என்று விளக்கினார். சூனியக்காரியை அவர் ஒளித்துவைக்கவில்லை.

இரண்டாவது படம் ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988). இதில் வில்லனே கிடையாது, அதனால் தைரியமாகப் போட்டேன். ஆனால் சட்சுகி, மே என்ற அக்கா தங்கைகளின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீட்டுக்கு வருவதாக இருந்தவர் வரவில்லை. சோளக்கதிர் சாப்பிட்டால் அம்மாவுக்குச் சரியாகிவிடும் என்று நம்பி, மே தனியாகக் கிளம்பி வழி தவறிப்போகிறாள்.

அந்தச் சமயத்தில் என் அம்மாவும் அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். மகளிடம் "பாட்டி ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவைத்திருந்தோம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "பாட்டியும் ஆஸ்பத்திரிலதான் இருக்காங்களா?"

ரிமோட் பக்கத்திலேயேதான் இருந்தது. எடுக்கவில்லை. "ஆமாம்டா" என்றேன். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. நான் போனில் பேசுவதைக் கேட்டுத் தனியாகவே பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

டோட்டோரோ அம்மாவைக் குணப்படுத்துவதில்லை. காணாமல் போன தங்கையைக் கண்டுபிடிக்கப் பூனை பஸ்ஸை வரவழைத்துத் தருகிறது, அவ்வளவுதான். பயம் போய்விடாது, கூட ஒரு ஆள் இருக்கும். இந்த மாதிரிப் படங்கள் செய்கிற வேலையே இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே, கேட்பவர்களுக்கு என் பதில்: படத்தை முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். குழந்தை வேண்டாம் என்றால் நிறுத்துங்கள், இன்னொரு நாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நடுவில் வெட்டி ஓட்டாதீர்கள். முக்கியமாக, பக்கத்தில் இருங்கள்.

அந்த வாரம் பாட்டிக்குச் சோளக்கதிர் கொண்டுபோயே ஆகவேண்டும் என்று அடம். வாங்கிக்கொண்டு போனோம். அம்மாவுக்குக் கடிக்கப் பல் இல்லை. கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். சோளத்தால்தான் என்று வீட்டில் ஒருத்தி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுக்கவில்லை.