ஐரோப்பியத் தேர்தல்களும் கண்டித் தமிழரின் வாக்கும்

கண்டியிலோ பேராதனையிலோ ஐரோப்பிய அரசியல் பற்றிப் பகிரங்க விரிவுரை என்று அறிவித்தால், தோட்டப் பக்கத்து இளைஞர்கள் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. ஜேர்மனியில் யார் வென்றால் நமக்கென்ன என்ற எண்ணம் இயல்புதான். ஆனால் ஐரோப்பாவின் சிறுபான்மையினர் இன்று விவாதிப்பவை இரண்டே கேள்விகள். வாக்காளர் இடாப்பில் யாருடைய பெயர் இருக்கும்? போட்ட வாக்கு ஆசனமாக மாறுமா? ஹந்தானையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் மூன்று தலைமுறையாகக் கேட்கப்பட்டு வரும் கேள்விகள் இவை.

இந்த விவாதங்களுக்குக் கண்டி பொருத்தமான இடமும்கூட. சோல்பரி அரசியலமைப்பின் உருவாக்கத்தில் டி.எஸ். சேனாநாயக்காவின் ஆலோசகராக இருந்த ஐவர் ஜெனிங்ஸ், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோதும் அவரே பொறுப்பில் இருந்தார். 1982இல் தொடங்கப்பட்ட இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் கண்டியிலும் கொழும்பிலும் இயங்கியது. கண்டியில் வரலாற்றாசிரியர் கே.எம். டி சில்வாவும், கொழும்பில், 1999இல் கொல்லப்பட்ட நீலன் திருச்செல்வமும் அதை வழிநடத்தினார்கள். உலகச் சிறுபான்மையினரின் அனுபவங்களை இலங்கையோடு ஒப்பிட்டுப் படிக்கும் மரபு இங்கே வேரூன்றியது இப்படித்தான்.

முதல் கேள்வி இடாப்பு. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையில் மலையகத் தமிழருக்கும் ஓரளவு பங்கு கிடைத்தது. 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் பெரும்பாலான தோட்டத் தொழிலாளர்களின் பெயர் இடாப்பில் இல்லை. ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுக்க வேண்டிய 29ஆம் பிரிவு அரசியலமைப்பில் இருந்தது. கோடக்கன்பிள்ளை வழக்கில் 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், இது பிரஜாவுரிமை பற்றிய சட்டம், இனம் பற்றியதல்ல என்று சொல்லி முடித்துவிட்டது. பிறகு 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தில் விண்ணப்பம் கொடுத்து, கோச்சியேறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடித்தார்கள். அந்தக் கோச்சிக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மிஞ்சியவர்களின் நாடற்ற நிலை முழுமையாகத் தீர 2003 வரை சட்டங்கள் வர வேண்டியிருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு லத்வியாவைப் பாருங்கள். 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்ட அந்நாடு, 1940க்கு முன் பிரஜைகளாக இருந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் மட்டுமே தானாகப் பிரஜாவுரிமை தந்தது. பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசிய ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் பிரஜைகள் அல்லாதோர் ஆனார்கள். அவர்களுக்கு ஊதா நிறத்தில் தனிக் கடவுச்சீட்டு. உள்ளூராட்சித் தேர்தலில்கூட வாக்கு இல்லை. லத்வியர் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். ஆக்கிரமிப்பின்போது குடியேற்றப்பட்டவர்களால் சொந்த மொழி அழியும் என்ற அச்சம் பொய்யானதல்ல. அவர்கள் யாரையும் கப்பலேற்றவில்லை. மொழிப் பரீட்சையில் தேறிப் பிரஜையாகும் வழியைத் திறந்தார்கள். 2020 முதல் அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த நிலை தொடர்வதில்லை. பக்கத்து எஸ்தோனியா உள்ளூராட்சி வாக்கைத் தந்திருந்தது. உக்ரெய்ன் போருக்குப் பின், 2025 மார்ச்சில் அரசியலமைப்பைத் திருத்தி அதைப் பறித்தது. கையிலிருந்த வாக்கு ஒரு சட்டத்தால் போவது எப்படியிருக்கும் என்று மலையகத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விதான் இன்றைய கண்டிக்கு நெருக்கமானது. மாவட்டத்துக்கு 12 ஆசனங்கள். அதிக வாக்கெடுத்த கட்சிக்குப் போனஸாக ஒன்று போகும். வெட்டுப்புள்ளியைத் தாண்டாத கட்சிகளின் வாக்குகளைக் கழித்து, மீதியை 11ஆல் வகுத்தால் வருவதே ஓர் ஆசனத்தின் விலை. 1978 அரசியலமைப்பு வைத்த வெட்டுப்புள்ளி 12.5 சதவீதம். கண்டி மாவட்டத்தில் இலங்கைத் தமிழரையும் மலையகத் தமிழரையும் சேர்த்தால் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் ஒரே கட்சிக்கு விழுந்தாலும் கதவு திறந்திருக்காது. 1988 இறுதியில் வந்த 15ஆம் திருத்தம் அதை 5 சதவீதமாக்கியது. அதற்காக எம்.எச்.எம். அஷ்ரஃப், பிரேமதாசவிடம் நடத்திய பேரம் முஸ்லிம் அரசியலில் இன்றும் பேசப்படுகிறது. அந்தப் பேரத்தின் பலன் மலையகத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆயினும் தமிழ் வேட்பாளர்கள் பெரும்பாலும் பெரிய கட்சிகளின் பட்டியலிலேயே நிற்கிறார்கள். வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்குகள். தமிழர் பல பட்டியல்களில் பிரிந்து நின்றால் அவை சிதறும். 2010இல் கண்டியில் நின்ற மனோ கணேசன் தோற்றார். 2015இலும் 2020இலும் வேலு குமார் வென்றார். மாவட்டமும் சட்டமும் மாறவில்லை. விருப்பு வாக்கு எங்கே குவிந்தது என்பதுதான் மாறியது.

ஜேர்மனி வேறு வழி கண்டது. அங்கேயும் வெட்டுப்புள்ளி 5 சதவீதம், அதுவும் நாடு முழுவதற்கும். ஆனால் தேசியச் சிறுபான்மையினரின் கட்சிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. டேனிஷ், ஃப்ரீசிய மக்களின் கட்சியிலிருந்து 2021இல் ஸ்டீபன் சைட்லர் பாராளுமன்றம் சென்றார். கட்சி பெற்றது சுமார் 55 ஆயிரம் வாக்குகள், மொத்தத்தில் 0.1 சதவீதம். 2025இலும் அவர் வென்றார். சுலோவேனியாவில் இத்தாலியருக்கும் ஹங்கேரியருக்கும் ஆளுக்கோர் ஆசனம் அரசியலமைப்பிலேயே உண்டு. போலந்தில் இதே விலக்கு இருந்தும், ஜேர்மன் சிறுபான்மையினர் பல ஆண்டுகளாகத் தக்கவைத்த ஆசனத்தை 2023இல் இழந்தார்கள். சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே போக வாக்காளர் வர வேண்டும்.

நம் நாட்டில் தேர்தல் முறை மாற்றம் பேசப்படும் போதெல்லாம் ஜேர்மன் கலப்பு முறை மேற்கோளாகிறது. தொகுதியும் பட்டியலும் கலந்த அந்த ஏற்பாடு பேச்சில் வருகிறது. சிறுபான்மைக் கட்சிகளுக்கான விலக்கு அரிதாகவே வருகிறது. மலைத்தோட்டங்களில் சிதறி வாழும் மக்களுக்குத் தொகுதி எல்லையை எங்கே கீறுவது என்பது உயிர்நாடியான விஷயம். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். 2017இல் கலப்பு முறைக்குச் சட்டம் வந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. தேர்தல் அன்றே முடங்கியது.

ஒருநாள் அந்த வரைபடம் மறுபடி விரிக்கப்படும். அதற்குள் பேராதனையில் பேசப்படுவது தமிழிலும் பேசப்பட வேண்டும், தெல்தோட்டையிலும் மடுல்கலையிலும் உள்ள ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தினரும் எழுந்து கேள்வி கேட்கும் வகையில். அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஜேர்மன் முறை வருகிறதென்றால், சைட்லரை உள்ளே விட்ட அந்த விலக்கும் சேர்ந்து வருகிறதா?