மீன் தொட்டியில் மிதக்கும் சருகு!

மரத்தடியில் உதிர்ந்த சருகைக் குப்பை என்று பெருக்கித் தள்ளுவார்கள். தாய்லாந்து நாட்டில் அதைப் பொறுக்கி எடுத்து, மீன் தொட்டியில் போடுகிறார்கள்!

அது நாட்டு வாதுமை மரத்தின் இலை. தமிழ்நாட்டில் "பாதாம் மரம்" என்று தெருவோரங்களில் நிழல் தருவதும் இதே மரம்தான்.

சண்டை மீன் வளர்ப்பதில் தாய்லாந்துக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். 2019-ம் ஆண்டு அந்த மீனைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்து விட்டார்கள்.

சருகு என்ன செய்கிறது?

இலையில் உள்ள "டானின்" என்ற துவர்ப்புப் பொருள் கரைந்து, தண்ணீர் தேநீர் நிறமாகிறது. சண்டை மீன்களின் சொந்த ஊரான சேற்று நிலங்களிலும் இலைகள் ஊறிய தண்ணீர்தான். ஆண் மீன், மிதக்கும் இலையின் அடியில் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும்.

இறால் தொட்டிக்கும் சருகு நல்லது. ஊறிய இலைமேல் நுண்ணுயிர்கள் படலமாகப் படரும். இறால் குஞ்சுகளுக்கு அதுதான் ஆகாரம். பிறகு இலையையும் அரித்துத் தின்று, நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும்.

ஜாக்கிரதை!

பூச்சி மருந்து தெளித்த மரத்தின் இலை கூடாது. மீன் தப்பினாலும் இறால் தப்பாது. பச்சை இலையும் வேண்டாம், சீக்கிரம் அழுகிவிடும். தானாக உதிர்ந்து, நன்றாகக் காய்ந்த இலையைக் கழுவிப் போடவேண்டும். சின்னத் தொட்டிக்கு ஓர் இலை போதும். அளவு மிஞ்சினால், இலை மக்கும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு குறைந்து, மீன் திணறும்.

அழுக்குத் தண்ணீரைச் சருகு சுத்தம் செய்யாது. தண்ணீரை மாற்றும் வேலை, வளர்ப்பவருடையதுதான்!