மருந்துக்கும் ஊரடங்கா?

ஏற்காட்டுக்குச் சீமான்கள் காற்று வாங்க வருகிறார்கள். சேர்வராயன் மலையிலேயே பிறந்து, காப்பித் தோட்டத்திலே ஓடாய்த் தேயும் தோழனுக்கு அந்தக் காற்று இலவசம்! ஆனால் அவன் இரவெல்லாம் இருமினால், காற்றா காப்பாற்றும்?

காப்பாற்றும் என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பிற்று! எலும்புருக்கி என்று நம் தாய்மார் அஞ்சிய காசநோய்க்கு நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இவையே வைத்தியம். இருப்பவன் சானட்டோரியம் போனான். இல்லாதவன் சுடுகாடு போனான்!

அந்த நம்பிக்கையைத் தகர்த்தது எந்த ஊர்? இலண்டனா? நியூயார்க்கா? அல்ல, நமது சென்னை! 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானட்டோரியத்திலும், மறு பகுதியினருக்கு வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு தந்து பார்த்தது. 1959இல் முடிவு வெளிவந்தது. குடிசையில் இருந்தவனும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தான்! குணமாக்கியது காற்றல்ல, கட்டிலல்ல. தவறாமல் உட்கொண்ட மருந்து!

அப்படியானால், மருந்து வரும் வழியை மறிப்பது, உயிர் வரும் வழியை மறிப்பதல்லவா?

மறிக்கப்பட்டதே, தோழர்களே! 2020 மார்ச் 24. அன்று உலகக் காசநோய் நாள். 1882இல் ராபர்ட் காக் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த நாள். அன்று மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை. இரவு, நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிப்பு. பஸ்கள் நின்றன. கொரோனாவைத் தடுக்க அது தேவை; நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள்! பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கூலிக்காரன் எதில் இறங்குவான்?

இறங்கினாலும் என்ன? காசநோயைக் கண்டறியும் இயந்திரங்கள் பல இடங்களில் கொரோனா சோதனைக்குத் திருப்பப்பட்டன, பணியாளர்களும் அப்படியே. தாம்பரம் சானட்டோரியத்திலும் கொரோனாவுக்குப் படுக்கை!

விளைவு? 2019இல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020இல் 18 லட்சம். அந்த 6 லட்சம் பேர் எங்கே? நோய் ஓடிவிட்டதா? இல்லை! பதிவேட்டில் இல்லை, குடிசையில் இருந்தார்கள், இருமினார்கள், மனைவிக்கும் மக்களுக்கும் நோயைப் பரப்பினார்கள். உலகெங்கும் அந்த ஆண்டு காசநோய் குடித்த உயிர்கள் 15 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தாண்டுக்கு மேலாக இறங்கிவந்த சாவுக் கணக்கு ஏறிற்று!

கொரோனாச் சாவை நாள்தோறும் எண்ணினார்கள், சரி. இந்தச் சாவை மாலைச் செய்தியில் எண்ணியவர் யார்? ஏழையின் நோய்க்குக் கணக்கெழுத ஆளில்லையா?

வழி இருக்கிறது. 2022இல் தமிழகம் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயாளியின் எடை, மூச்சு, நிற்கும் வலு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பார்த்து, நலிந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. அந்த அக்கறை, அடுத்த கொள்ளைநோய் வரும்போதும் நிற்கவேண்டும். காசநோய் இயந்திரத்தைப் பறிக்காதே! பஸ் நின்றால், மருந்து மலையேறட்டும், வீடு தேடி வரட்டும்! குறைந்தது ஆறு மாதம் தின்னவேண்டிய மருந்து பாதியில் நின்றால், கிருமி மருந்துக்கே அடங்காததாகிவிடும்.

தோழர்களே! உங்கள் தெருவிலே, தோட்டத்திலே, இரண்டு வாரமாய் இருமுகிறவன் உண்டா? கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள், சளிப் பரிசோதனைக்கு. அரசாங்கத்திடம் உரிமையைக் கேட்போம்; அண்டை வீட்டுக்காரனுக்கு நம் கடமையைச் செய்வோம்!